தலைப்பெழுத்தும் தலையெழுத்தும்

மாலத்தீவில் இரண்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால், கேட்பவர்களின் கண்முன் தண்ணீருக்கு மேல் கட்டிய குடில்கள்தான் வருகின்றன. அப்படி ஒரு குடிலின் படியைக்கூட நான் மிதித்ததில்லை. நான் இருந்தது வடக்கே ஹா தாலு தீவுக்கூட்டத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய ஒரு சின்னத் தீவு. ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம், ஏழெட்டுக் கடைகள், ஒரு படகுத்துறை. அங்கே எனக்குக் கடலாலோ புயலாலோ ஒரு துன்பமும் வரவில்லை. என் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தால் வந்தது. அந்த எழுத்தில் தொடங்கிய கோளாறு, கடைசியில் கோவில்பட்டியில் என் கணவரின் வங்கிக் கணக்கு முடங்குவதில் போய் நின்றது. முன்னால் போன யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 14,000 ரூபாய். கணவர் நடத்திய அச்சகம் கொரோனாவுக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் மாதம் 9,000 போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு முகவர் வந்தார். மாலத்தீவில் வேலை, மூன்று மாதத்தில் விமானம், மொத்தச் செலவு 1,20,000 ரூபாய் என்றார். ஆறு பவுனை அடகு வைத்துக் கொடுத்தோம். ரசீது கேட்டபோது, "டீச்சர், நம்பிக்கைதானே எல்லாம்" என்று சிரித்தார். எனக்கும் அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. பதிவு பெற்ற முகவர் ஒருவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது என்பதும், அது 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 35,400 தான் என்பதும் தீவுக்குப் போய் நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னவர் அதே பள்ளியில் அறிவியல் நடத்திய நாகர்கோவில் அண்ணன். அவர் வேலை அறிவிப்பைப் பார்த்து நேரடியாக விண்ணப்பித்து வந்தவர். சான்றிதழ் வேலைகளுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் தவிர ஒரு பைசா கொடுக்கவில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அங்கே ஒரு முறை தேடிப் பார்த்திருந்தால் என் முகவரின் பெயர் அதில் இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பதினோரு ஆண்டுகளாக விடையைச் சரிபார், சரிபார் என்று பிள்ளைகளிடம் சொன்னவள் நான்.

இனி அந்த எழுத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பெயர் என்பது ஒன்றுதான், அதற்கு முன்னால் அப்பாவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் முழுப் பெயரைப் போட்டுவிட்டார்கள். இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்னைத் தலைமைச் செயலகத்தில் சான்றிதழ்களுக்கு மேலொப்பம் வாங்கியபோதும், பிறகு வெளியுறவு அமைச்சக முத்திரை வாங்கியபோதும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அங்கே சரிபார்ப்பது சான்றிதழ் உண்மையா என்பதை. அது என் பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறதா என்பது அவர்கள் வேலை அல்ல. முகவர் பட்டச் சான்றிதழை மட்டும் அனுப்பினார். பணி ஆணை அதில் உள்ளபடி, இனிஷியலோடு வந்தது. எனக்கு மகிழ்ச்சியில் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தோன்றவில்லை.

2023 ஜூனில் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பினேன். விமான நிலையத்தில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு மலையாள ஆசிரியை என் பெட்டியைப் பார்த்துவிட்டு, சாமி சிலை ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று கேட்டார். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். அம்மா புடவை மடிப்புக்குள் ஒரு வெள்ளிப் பிள்ளையாரைச் சொருகி வைத்திருந்தார், என் கட்டைவிரல் உயரம். ஓடிப்போய் வாசலில் நின்ற கணவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மகள், "பிள்ளையாருக்கு மட்டும் ஏன் டிக்கெட் எடுக்கவில்லை?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. மதுவும் பன்றி இறைச்சியும் கூடாது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும், சிலை விஷயம் தெரிவதில்லை. மருந்து கொண்டு போகிறவர்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் சேர்த்தே வையுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைநகர் மாலே. அங்கிருந்து உள்நாட்டு விமானம், அப்புறம் படகு. எனக்கு அறை கொடுத்த வீட்டுக்காரப் பெண்ணைத் தெருவே 'தத்த' என்று கூப்பிட்டது. மாலத்தீவு மொழியான திவேஹியில் அக்கா என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் நாள் போனில் மகளிடம், "தத்த மீன் குழம்பு கொடுத்தார்" என்று சொன்னபோது, அவள் அங்கே ஏதோ ஒரு தாத்தா இருப்பதாகவே எடுத்துக்கொண்டாள். தத்தவின் முற்றத்தில் ஒரு முருங்கை மரம் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மாசியை உதிர்த்து, முருங்கைக்கீரையை அரிந்து, தேங்காய்த்துருவலும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துக் கையால் பிசைந்து ரொஷி என்ற ரொட்டியோடு வைப்பார். தூத்துக்குடி கடையில் நாம் வாங்கும் அதே மாசிக்கருவாடுதான், அது பிறந்த வீட்டிலேயே அதைச் சாப்பிடுகிறோம் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று அடித்துச் சரக்குப் படகு வராவிட்டால் கடையில் வெங்காயம் இருக்காது. ஒரு முறை பத்து நாள் வெங்காயம் இல்லாமல் ரசமும் மீனுமாக ஓட்டினோம்.

கணக்கு டீச்சருக்கு அந்த மொழியில் இரண்டு புதையல்கள் கிடைத்தன. திவேஹியை எழுதும் தானா எழுத்துகள் வலமிருந்து இடமாகப் போகும். அதில் முதல் ஒன்பது எழுத்துகளும் அரபு எண்களான ஒன்று முதல் ஒன்பது வரையிலிருந்து பிறந்தவை. எண்ணை எழுத்தாக்கிய ஊர். இன்னொன்று, பழைய திவேஹியில் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணும் வழக்கம் இருந்திருக்கிறது. தொளஸ் என்றால் பன்னிரண்டு, அறுபதுக்கு ஃபஸ்தொளஸ், அதாவது ஐந்து பன்னிரண்டு. பிள்ளைகளுக்கே அது மறந்துபோயிருந்தது. ஆறாம் வகுப்பில் ஒருநாள் இதை வைத்தே பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை நடத்தினேன். பாட்டிகளிடம் போய்க் கேட்டு வந்து மறுநாள் எனக்கே பாடம் எடுத்தார்கள். இது கடிதத்தில் எழுத வேண்டிய சந்தோஷம், இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் நான் ஏன் முதல் மாதமே திரும்பி ஓடிவரவில்லை என்பது உங்களுக்குப் புரியாது.

பணி அனுமதி அட்டைக்கு விவரம் பதிந்தவர், பாஸ்போர்ட்டின் கீழ் வரியைப் பார்த்துப் பதிந்திருக்கிறார். அந்த வரியில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். எனவே அட்டையில் அப்பா பெயர் முதலில், என் பெயர் அதன் பின்னால். பள்ளி வருகைப் பட்டியலும் அதையே பின்பற்றியது. வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகளும் என் அப்பாவின் பெயரைச் சொல்லி, கூடவே 'மிஸ்' சேர்த்துக் கூப்பிட்டார்கள். அப்பா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னபோது, "நான் படிக்காததற்கு இப்போது என்னை டீச்சர் ஆக்கிவிட்டாயா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு வங்கி வாசல் வரைதான்.

எங்கள் தீவில் பணம் எடுக்கும் இயந்திரம் மட்டும்தான் உண்டு. கணக்குத் தொடங்க குளுதுஃபுஷிக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் வாயில் நுழையாத பெயர், அவர்கள் சொல்லிக் கேட்டால் நம்முடைய அதே 'ள'. அந்த வட்டாரத்துக்குப் பெரிய ஊர், பெரிய மருத்துவமனையும் அங்கேதான். காலையில் படகில் போனால் பிற்பகலில்தான் திரும்பலாம். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வங்கிக்கும் அதேதான், பள்ளிக்கும் அதேதான். ஆகவே வங்கிக்குப் போவது என்றால் பள்ளிக்கு விடுப்பு என்று பொருள். முதல் முறை போனபோது அந்த அலுவலர் என் மூன்று காகிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாஸ்போர்ட், பணி அனுமதி அட்டையின் நகல், பணி ஆணை. பேனா முனையால் ஒவ்வொரு பெயரையும் தொட்டுக்கொண்டே போனார். மூன்றையும் தொட்டு முடித்துவிட்டு, கோபமே இல்லாத குரலில், "இவர்களில் நீங்கள் யார்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஒரு தாளில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஒன்றில் தனிக் கட்டத்தில் ஒரு முழு மனிதர், ஒன்றில் முன்னால் அதே மனிதர். தமிழ்நாட்டில் அப்பாவின் பெயர் எப்படி எழுத்தாகச் சுருங்கும் என்பதை நான் பத்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அட்டையைத் திருத்தி வாருங்கள் என்றார்.

அட்டையைத் திருத்துவது மாலேயில் நடக்கும் வேலை. பள்ளி அலுவலகம் எழுதியது, பதில் வரவில்லை, மறுபடியும் எழுதியது. இரண்டாவது முறை அட்டை சரியாகி வந்தது, பணி ஆணை இன்னும் பழைய பெயரிலேயே இருந்தது. மறுபடியும் திரும்பினேன். மூன்றாவது முறை போனபோதுதான் ஊரிலிருந்து வந்த உறுதிமொழிப் பத்திரம் கையில் இருந்தது. இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் எழுதிய பத்திரம். கோவில்பட்டியில் அதற்கு ஆன செலவு 600 ரூபாய். அந்த 600 ரூபாய் வேலையை ஊரிலேயே முடித்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் கணக்கு திறந்தது. ஜூன் மாதச் சம்பளம் முதல் மொத்தமாக அப்போதுதான் வந்தது. இடையில் நான் கொண்டுபோன 200 டாலர் ஆறே வாரத்தில் தீர்ந்துபோனது. கடைக்காரர் நோட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார், தத்த வாடகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் திறக்காததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. சாயங்காலம் படகுத்துறையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கணவர் போனில், "வட்டிக்காரர் வந்திருந்தார்" என்பார். நான், "இன்னும் ஒரு வாரம்" என்பேன். இந்த ஒரு வாரம் மூன்று மாதம் ஓடியது.

ஆகவே, போகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் பாஸ்போர்ட்டை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் கடல் கடந்தபின் உங்கள் பெயர், மற்றதெல்லாம் ஊர்ப் பழக்கம். சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, சான்றிதழ்களோடு சேர்த்து அனுப்புங்கள். பணி ஆணை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுப் பாஸ்போர்ட் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று சொன்னபோது நம் ஆட்கள் எத்தனை பேர் திண்டாடினார்கள் என்பது நினைவிருக்கும். பெயரில் ஒரு குறை என்றால் நாம் அதை எழுத்துப்பிழையாகப் பார்க்கிறோம், அவர்கள் வேறொரு ஆளாகப் பார்க்கிறார்கள். கையில் மூன்று மாதச் சாப்பாட்டுக்காவது டாலர் இருக்கட்டும். வேலை தருகிறவர் சோறு போடுவார் என்று நம்பிப் போகாதீர்கள்.

சம்பளம் வந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சம்பளம் மாலத்தீவு நாணயமான ருஃபியாவில். ஊருக்கு அனுப்ப டாலர் வேண்டும். அதிகாரப்பூர்வ விலை ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா, 2011 முதல் அதுதான் உச்ச எல்லை. பலகையில் அந்த விலை எழுதியிருக்கும், வாங்கப் போனால் டாலர் இருக்காது. வங்கி வழியாக வெளிநாட்டவர் மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று ஒரு வரம்பு, அதற்கும் ஏகப்பட்ட காகிதங்கள். வெளியே கேட்டால் 17.50. கணக்கு டீச்சர் என்பதால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 9,000 ருஃபியாவுக்கு அதிகாரப்பூர்வ விலையில் 583 டாலர், வெளியில் 514. இடையில் 69 டாலர். அன்றைய மதிப்பில் டாலர் 83 ரூபாய் என்றால் மாதம் 5,700 ரூபாய் காற்றில் போகும். நான் வேலைக்கு வருமுன் முகவர் சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கிக் காட்டினாரே, அது 15.42 கணக்கில். யாராவது உங்களுக்கு அப்படிப் பெருக்கிக் காட்டினால், அந்தப் பணம் எந்த வழியாக, மாதம் எவ்வளவு, என்ன விலைக்கு ஊருக்குப் போகும் என்று கேளுங்கள். இந்த வரம்பு அடிக்கடி மாறும், ஆகவே ஏற்கெனவே அங்கே இருப்பவரிடம் இந்த மாத நிலவரத்தைக் கேளுங்கள்.

அப்போதுதான் உண்டியல் வழி என் காதில் விழுந்தது. ஒருவரிடம் ருஃபியாவாகக் கொடுத்தால் போதும், இந்தியாவில் அவருடைய ஆட்கள் ரூபாயாகக் கணக்கில் போட்டுவிடுவார்கள், வெளிச்சந்தை விலையைவிடவும் கொஞ்சம் நல்ல விலை. காகிதம் இல்லை, காத்திருப்பு இல்லை, முக்கியமாக யாரும், "இவர்களில் நீங்கள் யார்?" என்று கேட்பதில்லை. மூன்று மாதம் பெயரோடு மல்லுக்கட்டியவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இது சட்டப்படி தவறு என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். அரைகுறையாகத் தெரியும். எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். நாகர்கோவில் அண்ணன் ஒரு முறை, "வேண்டாம் டீச்சர், யாருடைய பணம் வருகிறது என்று நமக்குத் தெரியாது" என்றார். அவருக்குக் கடன் இல்லை, அதனால் சொல்கிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் பணம் போய்ச் சேர்ந்தது. ஒரே தொகையாக வராது, 8,000, 18,500, 15,000 என்று தெரியாத பெயர்களிலிருந்து துண்டு துண்டாக விழும். கணவர் ஒருநாள், "உன் பணத்தை ஒரிசாக்காரர் ஒருவர் அனுப்புகிறார், அசாமிலிருந்து ஒருவர் அனுப்புகிறார்" என்று வேடிக்கையாகச் சொன்னார். அந்த வேடிக்கையில் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2024 ஜனவரி. நம் பிரதமரின் லட்சத்தீவுப் பயணத்தை ஒட்டி மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் சிலர் அவரை இழிவாகப் பேசிய விவகாரத்தில், நம் ஊரில் மாலத்தீவைப் புறக்கணிக்கச் சொல்லி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வாரம். அம்மா பதறிப்போய், "உன்னை ஏதாவது சொல்கிறார்களா?" என்று தினமும் கேட்டார். எங்கள் தெருவில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, தத்த வழக்கம்போல ரொஷி கொடுத்தார். அடி வந்தது வேறு திசையிலிருந்து. மகளின் பள்ளிக்கட்டணம் கட்டப் போன கணவருக்குப் பணம் போகவில்லை. கிளைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். வட மாநிலம் ஒன்றில் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தில் 18,500 ரூபாய் இந்தக் கணக்குக்கு வந்திருக்கிறது, அவர் சைபர் குற்றப் புகார் கொடுத்திருக்கிறார், அங்குள்ள காவல்துறை கேட்டுக்கொண்டதால் முடக்கியிருக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். கணக்கில் இருந்தது 1,12,000 ரூபாய். 18,500-க்காக மொத்தமும் நின்றது. நான் எட்டாம் வகுப்பில் விழுக்காடு நடத்திக்கொண்டிருந்தேன். போன் மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. வெளியே வந்து எடுத்தபோது கணவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்மைத் திருடன் என்று நினைக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் இருபது ஆண்டுகள் கல்யாணப் பத்திரிகை அடித்தவர், ஊரில் ஒருவரிடம் ஒரு ரூபாய் ஏமாற்றியதில்லை. அந்தக் கேள்வியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியதை நாங்கள் தப்புத்தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டோம். முதல் மூன்று வாரம் வங்கிக் கிளையில் சண்டை போட்டதிலேயே போனது. கிளையால் தானாக விடுவிக்க முடியாது. அங்கே நீங்கள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது புகாரின் எண், எந்தக் காவல் நிலையம், எந்தத் தொகை, எந்தத் தேதியில் வந்தது என்ற விவரங்கள். கூடவே, தகராறில் உள்ள தொகையை மட்டும் பிடித்து வைத்துவிட்டு மீதியை விடுவிக்கும்படி ஒரு மனு கொடுங்கள். பிறகு அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அனுப்ப வேண்டும். பணம் எதற்காக வந்தது என்பதற்கான சான்று அதில் இருக்க வேண்டும். அங்கேதான் நாங்கள் தடுக்கி விழுந்தோம். கடை நடத்துகிறவர் என்றால் விற்பனை ரசீதைக் காட்டுவார். நான் எதைக் காட்டுவேன்? திருநெல்வேலியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் என் சம்பளச் சீட்டையும் பணி அனுமதி அட்டையையும் பார்த்துவிட்டு, "பணம் உங்களுடையது என்பது சரி அம்மா, வந்த வழி உங்களுடையது இல்லையே" என்றார். உண்டியலில் அனுப்புவது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம், அதையே விளக்கமாக எழுதிக் கொடுப்பது தானாகப் போய்த் தலையைக் கொடுப்பது என்றும் சொன்னார். அதற்காகப் பொய்யாக ஒரு கடன் பத்திரம் தயார் செய்யலாம் என்று வேறொருவர் யோசனை சொன்னார். நல்ல வேளையாகக் கணவர் மறுத்துவிட்டார். இருப்பதை இருக்கிறபடியே எழுதி, பறிபோன தொகையை உரியவருக்கே திருப்பிக் கொடுக்கச் சம்மதம் என்று வழக்கறிஞர் மூலம் அனுப்பினோம். மே மாதக் கடைசியில்தான் மீதிப் பணம் விடுபட்டது. நான்கரை மாதம். போனது 18,500, வழக்கறிஞர் கட்டணம் 15,000, அலைச்சலும் தபாலும் ஐந்தாயிரத்துக்கு மேல், இடையில் வட்டிக்கு மேல் ஏறிய வட்டி தனி. யாரோ ஒருவர் ஏமாந்த பணத்தில் என் மகள் பென்சில் டப்பா வாங்கியிருக்கிறாள் என்பதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வங்கி வழியாக மட்டுமே அனுப்பினேன். வரம்பு எவ்வளவோ அவ்வளவு, மீதி ருஃபியாவாகவே கணக்கில் கிடந்தது. விடுமுறைக்கு வரும்போது முறைப்படி கிடைத்த டாலரைக் கையில் கொண்டுவந்தேன். வட்டிக்காரரிடம் கணவர் நேரில் போய் நிலைமையைச் சொல்லி, மாதத் தவணையைக் குறைத்துக்கொண்டார். இதை முதலிலேயே செய்திருக்கலாம், வெட்கம் விடவில்லை. இன்னொன்றும் செய்தேன். வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டால் ஊரில் இருக்கும் நம் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கு தொடங்கலாம். நான் முதலிலேயே இந்த இரண்டையும் செய்யாமல் கணவர் கணக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டியதால்தான் ஒரு பூட்டில் குடும்பமே மாட்டியது. என்ஆர்இ கணக்குப் படிவத்தில் பெயர் எழுதும் கட்டம் வந்தபோது பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பக்கத்தில் இருந்த நாகர்கோவில் அண்ணன், "சொந்தப் பெயரைப் பார்த்து எழுதுகிற முதல் டீச்சர்" என்றார்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் அவள் பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டில் அவள் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். இனிஷியல் முன்னால் இருந்தது, பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. தலைமையாசிரியர், "இதெல்லாம் பத்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் டீச்சர்" என்றார். இல்லை சார், இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தீவை விட்டுக் கிளம்பிய நாள் காலையில் பள்ளிப் பிள்ளைகள் படகுத்துறைக்கு வந்திருந்தார்கள். தத்த ஒரு கிலோ மாசியைத் துணியில் சுற்றி, பெட்டியில் பிள்ளையார் இருந்திருக்க வேண்டிய அதே இடத்தில் வைத்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், இப்போது எட்டாம் வகுப்பு, ஓர் அட்டை செய்து கொடுத்தார்கள். பச்சை மையில் தானா எழுத்தில் என் பெயர். இரண்டு ஆண்டுகளில் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தேறியிருந்தேன். வழக்கம்போல இடமிருந்து தொடங்கிவிட்டு, பிறகு நினைவு வந்து வலப்பக்கத்திலிருந்து படித்தேன். அப்பாவின் பெயர்தான் முதலில் இருந்தது. திருத்தச் சொல்லவில்லை, வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.